பதினேழு வினாடியும் இரண்டாவது கார்புரேட்டரும்

விடுப்பு விண்ணப்பத்தில் உண்மையான காரணத்தை எழுதக் கூடாது என்பதைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதத்தில் தெரிந்துகொண்டேன். அப்போது வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். 'சென்னைக்கு அருகே ஞாயிறன்று நடைபெறும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டு திங்களன்று திரும்ப வேண்டியிருப்பதால்' என்று எழுதிக் கொடுத்தேன். வயிற்றுப்போக்கு என்று எழுதியிருந்தால் யாரும் இரண்டாம் முறை படித்திருக்க மாட்டார்கள்.

கண்காணிப்பாளர் படித்தார். பிறகு பிரிவு முழுவதற்கும் கேட்கும்படி விசாரித்தார்.

"எவ்ளோ தூரம்பா ஓட்டணும்?"

"நானூறு மீட்டர் சார். நேரா."

"அதுக்கு எதுக்கு சென்னை? நம்ம கேட்டுலேர்ந்து கேன்டீனுக்கு அவ்ளோதானே வரும்? எத்தினி நேரத்துல போவே?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "பதினேழு செகண்டுக்குள்ள" என்றேன். அன்று மாலைக்குள் கருவூலத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். ஆக, பந்தயத்தில் பரிசு வாங்குவது என் கவலையே இல்லை. பதினேழுக்குள் வரவில்லையென்றால் ஓய்வு பெறும்வரை அந்த அலுவலகத்தில் எனக்குப் 'பதினேழு' என்று பெயர்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டி. இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டும் அந்த உள்ளங்கை அளவுப் பாத்திரம் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்தால் வேகம் கூடும் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு மௌனம் பழக வந்த யாரோ ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்ற பத்திரிகை அது. செங்கம் ரோட்டுப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன். மௌனம் பழக வந்தவர் எதற்கு அவ்வளவு சத்தமான பத்திரிகைகளைச் சுமந்து வந்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் மெக்கானிக், அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"ஒண்ணு போதும் சார். பெட்ரோல் வர்ற ஜெட்டு மட்டும் கொஞ்சம் பெருசா போட்டுத் தரேன்."

"ரெண்டு போட்டா பவர் ஜாஸ்தினு இதுல போட்டிருக்கான் பாய்."

"பவர் ஜாஸ்திதான். தொல்லையும் ஜாஸ்தி. ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணும் அதே அளவு இழுக்கணும். இல்லாட்டி ரெண்டு மாட்டுல ஒரு மாடு படுத்துக்கும்."

நான் பத்திரிகையை விடவில்லை. வேலூரில் பழைய சாமான் கடையொன்றில் இரண்டாவது கார்புரேட்டர் கிடைத்தது. பாய் பிறகு வாதாடவில்லை. ஒரே சைக்கிள் ஸ்போக்கில் வெட்டிய இரண்டு துண்டுகளைக் கார்புரேட்டருக்கு ஒன்றாக உள்ளே செருகி, இரண்டும் ஒரே உயரத்துக்குத் திறக்கின்றனவா என்று ஒரு முழு மதியம் சரிபார்த்தார். கடைசியில் தன் பட்டறையின் வழக்கத்தைச் சொன்னார்.

"மலையை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

அவருக்கு இதில் பக்தி எதுவும் கிடையாது. பக்தர்கள் வலம் வரும் எங்கள் ஊர் மலையைச் சுற்றி வரப் பதினாலு கிலோமீட்டர். என்ஜின் வேலை பார்த்த வண்டியின் பிஸ்டன் பழகுவதற்கு அந்தத் தூரம்தான் கச்சிதம் என்பது அவர் கணக்கு. லாரியானாலும் மொபெட்டானாலும் அவர் பட்டறையிலிருந்து வெளியே வந்தால் முதலில் மலையைச் சுற்றும். நானூறு மீட்டர் மட்டும் முழு வேகத்தில் ஓடவேண்டிய வண்டிக்கும் இது பொருந்துமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஊரில் யாருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

அலுவலக விடுமுறை என்று காணும் பொங்கல் காலையில் கிளம்பினேன். அது திருவூடல் முடிந்து, அம்மன் இல்லாமல் சாமி தனியாக மலை சுற்றும் நாள். மறக்கவில்லை. இதற்குள் சாமி பாதி மலையைத் தாண்டியிருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாலாவது கிலோமீட்டரில் சாமியின் முதுகு தெரிந்தது.

சாமியை முந்துவது கிடையாது. வந்த வழியே திரும்பினால் மலையை இடமாகச் சுற்றியதாகிவிடும், அதுவும் கிடையாது. ஒவ்வொரு தேங்காய்க்கும் ஒவ்வொரு கற்பூரத் தட்டுக்கும் சாமி நின்றார். நானும் நின்றேன். இரண்டு கார்புரேட்டர்களும் பந்தயத்துக்கான பசியோடு பெட்ரோலை ஊட்டிக்கொண்டே இருந்தன. பின்னால் புகை கட்டியது.

"சாமி போற வழியில இன்னாப்பா இது?" என்றார் ஓர் அம்மாள்.

"நான் சாம்பிராணினு நெனச்சேன்" என்றார் பக்கத்தில் வந்தவர்.

எட்டாவது கிலோமீட்டரில் இடது சிலிண்டர் படுத்தது. சிறிது நேரத்தில் வலதும் துணைக்குப் போனது. ப்ளக்குகள் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தன. துடைத்துப் பார்த்தேன். சாம்பிராணிக்காரர் என்ஜின்மேல் கொஞ்சம் விபூதி போட்டார். அதற்கும் அசையவில்லை.

மீதி ஆறு கிலோமீட்டரும் தள்ளினேன். சாமியை மட்டும் சுற்றுவேன், அம்மனைச் சுற்ற மாட்டேன் என்று ஒரு முனிவர் பிடிவாதம் பிடித்ததால் வந்த சண்டைதான் திருவூடல். ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா என்ற கேள்வி எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்பது தள்ளும்போதுதான் உறைத்தது. யோசிக்க நேரம் நிறைய இருந்தது.

மதியம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பாய் வண்டியைப் பார்க்கவில்லை, வியர்வையில் நனைந்த என் சட்டையைப் பார்த்தார்.

"ரெண்டாவதைக் கழட்டிடுங்க பாய். பழைய ஒண்ணே போதும்."

நடை வேகத்தில் அணைந்த என்ஜின் முழு வேகத்தைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதே வண்டியில்தான் சென்னைக்குப் போகவேண்டும், அதிலேயே திரும்பவேண்டும். வெயிலில் வண்டி தள்ளியவனிடம் நியாயம் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும். பாய் மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

அடுத்த ஞாயிறு, சென்னைக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் என் முறை வந்தது. வண்டி ஒழுங்காகக் கிளம்பியது, ஒழுங்காக ஓடியது, ஒழுங்காக நின்றது. பதினேழு புள்ளி மூன்று.

அலுவலகத்தில் மறைத்துப் பயனில்லை. சொன்னேன். பிரிவு முழுவதும் கண்காணிப்பாளரைப் பார்த்தது. அவர் பேனாவை மூடினார்.

"பாயின்ட் அஞ்சுக்குக் கீழ இருந்தா தள்ளிடலாம்ப்பா. ரூல் இருக்கு. பதினேழுனே வெச்சுக்கோ."

"பதினேழுக்குள்ளனு சொன்னாரே சார்" என்றது பின்வரிசை. அன்றே பெயர் வந்துவிட்டது.

சாயங்காலம் பாயிடம் போய் நேரத்தைச் சொன்னேன். அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு போட்டிருந்தா பதினாறரைக்கு வந்திருக்கும் சார்."

"நீங்கதானே பாய் ஒண்ணு போதும்னீங்க?"

"நீங்க தெனம் ஆபீஸ் போற வண்டியாச்சேனு சொன்னேன். நானூறு மீட்டருக்கு ரெண்டுதான்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எங்க சார் கேட்டீங்க? மொதல்ல பொஸ்தகத்தைக் காட்னீங்க. அப்புறம் சட்டையைக் காட்னீங்க."