சார்ஜ் ஏறாத மெஷின்

கரண்ட் வண்டிக்கு சார்ஜ் போடும் தொழிலில் முதலில் தீர்ந்துபோவது பேட்டரி இல்லை, நம்ம பொறுமை. மானியத்தை நம்பி ஆபீஸ் படி ஏறினவர்களுக்கு இது புரியும். செஞ்சிக்கோட்டை ரோட்டில், எங்கள் பஞ்சர் கடை ஓரமாக நானும் வீட்டுக்காரரும் மெஷினை நட்டுவிட்டோம். மார்ச் கடைசிக்குள் ஆபீசர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மானியம். இல்லாவிட்டால் மனு ரத்து, கடனுக்குக் கொடுத்த மெஷினையும் கம்பெனிக்காரர் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

முதலில் எது?

கரண்ட் ஆபீசில் லைன் கேட்டேன். "மானிய ஆர்டர் கொண்டாம்மா" என்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு மானிய ஆபீசுக்குப் போனால், "லைன் வந்தாத்தான் ஆர்டர்." என் பிள்ளை அந்த ஆபீஸ் பெஞ்சைப் பிடித்துத்தான் நடக்கவே பழகினான். ஒருநாள் கத்தியேவிட்டேன்: "ஏன் சார், ரெண்டு ஆபீசும் ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாதா?"

கிளார்க் தலைகூட நிமிரவில்லை. "அது வேற டிபார்ட்மென்ட்டும்மா. நாங்க பேசிக்கிறதில்ல."

பச்சைப் புள்ளி

லைனே வரவில்லை, அதற்குள் செல்போன் மேப்பில் 'வேலை செய்கிறது' என்று யாரோ பச்சைப் புள்ளி வைத்துவிட்டார்கள். அதை நம்பி பாண்டிச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது. கார் ஒரு அடி நகராது. அந்த அம்மா என்னைத்தான் பிடிபிடியென்று பிடித்தார். இழுத்துப்போக வண்டி வரும்வரை எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். கிளம்பும்போது சொன்னார்: "சாம்பார் நல்லாருந்துச்சு. அதையாவது மேப்புல போடுங்க."

சலீம் பாய்

என் பேச்சை நம்பி டீசல் ஆட்டோவை விற்றுக் கரண்ட் ஆட்டோ வாங்கியவர் அனந்தபுரத்து சலீம் பாய். ஊரில் நாலு சவாரி ஓட்டிவிட்டுச் செஞ்சிக்கு வந்தால், வீடு திரும்ப மட்டும்தான் சார்ஜ் மிஞ்சும். இங்கே சவாரி எடுக்க வழியில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிளாஸ்டிக் கவர் போட்ட மெஷினைப் பார்த்து அவர் கேட்டது:

"இன்னாம்மா, இது இன்னும் நோம்புலதான் இருக்குதா? பெருநாளு எப்போ?"

புது ஆபீசர்

சண்டை போட்டு லைன் வாங்கிவிட்டோம். கையெழுத்து இல்லாமல் சுவிட்ச் போடக் கூடாதாம். மானிய ஆபீசுக்குப் போனால் பழைய ஆபீசருக்கு மாற்றல். "புது சார் இன்னும் சார்ஜ் எடுக்கலம்மா" என்றார் கிளார்க்.

"நம்ம கடைக்கு அனுப்புங்க, போட்டு வுடறேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மார்ச்சும் முடிந்தது. மறுநாள் போனால் ஆபீசே கமகமவென்று இருக்கிறது: சால்வை, மாலை, லட்டு. கிளார்க் தட்டை நீட்டினார்.

"சார் இன்னிக்குதான் சார்ஜ் எடுத்தாரு. உங்க ஃபைலு நேத்தோட முடிஞ்சிபோச்சு. லட்டு எடுத்துக்கோம்மா."

ஆகமொத்தம், செஞ்சியில் அரசாங்கச் செலவில் இதுவரை சார்ஜ் எடுத்தது அந்த ஆபீசர் ஒருவர்தான்.