லுக்குட் சேற்றில் கழிமுள்ளி

காலை ஏழரைக்குச் சிரம்பானில் போர்ட்டிக்சன் பஸ் ஏறினேன். லுக்குட்டுக்குப் பதினாறு மைல். டிக்கெட் எண்பது காசு. மலாயா முழுக்க அவசரகாலம் என்பதால் வழியில் இரண்டு இடத்தில் எல்லோரையும் இறக்கி அடையாளக் கார்டு பார்த்தார்கள். ஒன்பதரைக்கு, என் அக்கா செல்லம்மா பால்மரம் வெட்டும் ரப்பர் தோட்டத்தை அடைந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி இரட்டை முள்வேலி, ஒரே கதவு. உள்ளே போகும்போது என் பையை யாரும் தொடவில்லை.

அக்கா வேலை முடிந்து வந்தாள். "உன் பெண்டாட்டிக்குக் கட்டி இன்னும் ஆறலையா? வா, ஆத்துப் பக்கம் போவோம்."

பன்னிரண்டு மணி வெயில். ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில், உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேறு. அங்கேதான் கழிமுள்ளியை முதன்முதலில் பார்த்தேன். இடுப்பளவு புதர். இலை விளிம்பெல்லாம் ஊசி. நடுவே ஊதாப் பூக்கள், கீழுதடு மட்டும் தொங்குவதுபோல. அந்தச் சேற்றில் அப்படியொரு நிறத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மலாய்க்காரர்கள் ஜெருஜூ என்பார்களாம். அக்கா முழங்கால் சேற்றில் இறங்கி, கை கிழியக் கிழியப் பறித்தாள்.

"அரைச்சுப் போடு. மூணு நாள்தான்லா."

லயத்துக்கு அதைக் கொண்டுவந்தபோதும் யாரும் தடுக்கவில்லை.

மூன்றரைக்குக் கிளம்பினேன். அக்கா வழியனுப்ப வந்தாள். கதவருகே இப்போது ஒரு லாரியும் போலீஸ் அதிகாரி ஒருவரும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போகிறதென்று, வெளியே போகும் பைகளையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் பையிலிருந்து இலைக்கட்டு விழுந்தது. காவலர் ஒருவர் முகர்ந்து பார்த்து, மருந்து என்றார்.

"சியாப்பா பூஞா?" யாருடையது என்று அதிகாரி கேட்டார்.

என் பை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். காவலர் கையிலிருந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னுதுங்க ஐயா. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அக்கா.

சேறு ஒட்டிய காலோடு அவளை லாரியில் ஏற்றினார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போடா" என்றாள். போனேன். நான் போனேன் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி போய், அது வெறும் பச்சிலை என்று விளக்கிச் சொன்ன பிறகு, பன்னிரண்டாம் நாள் விட்டார்கள். சேதி வந்ததும் மறுபடி லுக்குட் போனேன். அக்கா பாதியாக இளைத்திருந்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீ வாயைத் திறப்பேன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன்டா. அப்புறம்தான் சொன்னேன்."

திரும்பி, சிரம்பானை ஒட்டிய எங்கள் ஊரான ராசாவில் இறங்கினேன். இங்கே வேலி கிடையாது. பையோடு கடைக்குப் போகலாம், வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். வாசலில் நின்ற மனைவி மட்டும் கேட்டாள்: "அண்ணி என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.