நிஜமாக நடக்கிற வழி

மூன்றாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்த அந்த ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'எங்கே டீச்சர்'. மழை பெய்தது என்றால், எங்கே என்பார். பென்சில் தொலைந்துவிட்டது என்றாலும் முதலில் எங்கே என்றுதான் கேட்பார். பேருந்து ஓட்டும் அவருடைய கணவர், டிப்போவில்கூடத் தன்னை இவ்வளவு விசாரிப்பதில்லை என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பள்ளி திறந்த முதல் வாரம் அவர் பாடப் புத்தகத்தைத் தொடவிடமாட்டார். பிள்ளைகளை முற்றத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சுற்றி நிற்கவைப்பார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாய் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது? இதை இந்த மூலையில் வைக்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? இதற்கு ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது? பிள்ளைகள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகு, முதல் கேள்விக்குப் பெயர் புவியியல், இரண்டாவது வரலாறு, மூன்றாவது குடிமையியல், நான்காவது பொருளியல் என்பார். ஒரு குழாயைக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஊரையே கேட்கத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

புவியியலில் முதல் வேலை, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரைவது. அதில் அவர் கறார். வழியில் இல்லாத மரம் படத்தில் நிற்கக் கூடாது. வழியில் இருக்கும் குப்பைத் தொட்டி படத்திலிருந்து காணாமல் போகக் கூடாது.

அந்த ஆண்டு இரண்டாம் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, ஒரு வீடு, ஒரு நேர்கோடு, ஒரு பள்ளி என்று வரைந்து நீட்டினாள். கோட்டின் இரண்டு பக்கமும் பூச்செடிகள். வகுப்பிலேயே கூர்மையான கண் அவளுக்குத்தான் என்று ஆசிரியைக்குத் தெரியும். ஆகவே விடவில்லை.

"இது யாரோ நடந்த வழி மாதிரி இருக்கு. உன் கால் இதுல நடக்கவே இல்லையே?"

சிறுமி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நிஜமா நடக்கிற வழியையா டீச்சர் வரையணும்?" என்றாள்.

"பின்ன, பறக்கிற வழியையா?" என்றார் ஆசிரியை. வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே புதுத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் சிறுமி கொண்டுவந்த படத்தை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிஸ்கட் தொழிற்சாலையின் நீண்ட சுவர் இருந்தது. வாசனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக்கூட நெளிகோடுகளால் காட்டியிருந்தாள். குரைக்கும் நாய், குரைக்காத நாய், அம்மா கையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் முனை, நீலத்தில் கால்வாய், அதன்மேல் நடைபாலம், பாலத்தில் பலகை இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். ஆசிரியை அதை வகுப்பில் மாட்டவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று நடைக்கூடத்தில், தலைமை ஆசிரியையின் அறைக்கு நேர் எதிரே மாட்டினார்.

தலைமை ஆசிரியை அன்றே அதன்முன் நின்றார். "இந்தப் பிள்ளை கால்வாயைத் தாண்டியா வருது?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். பாலத்துல ஒரு பலகை இல்லாததைக்கூட விடல பாருங்க" என்றார் ஆசிரியை, தானே வரைந்ததுபோல.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பள்ளியில் இடம். சிறுமியின் பெயருக்கு நேரே சித்தப்பா வீட்டு முகவரி இருந்தது. அந்த வீடு பள்ளிக்குப் பின் தெருவில், ஒரு நேர்கோட்டுத் தூரத்தில்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருவருடையது, கெட்டது இன்னொருவர்.

தலைமை ஆசிரியை கெட்டவர் அல்ல. இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் இடம் கிடைக்காமல் கேட்டில் வந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவர். படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் மேசைக்குக் கொண்டுபோனார். மாலையில் ஆசிரியை அவர் அறைக்குப் போய், குழந்தை ஏதோ கற்பனையாக வரைந்திருக்கலாம் என்று இழுத்தார்.

"உங்க கிட்ட படிக்கிற பிள்ளை கற்பனையா வரையுமா டீச்சர்?" என்றார் தலைமை ஆசிரியை. அதில் கேலி இல்லை. மாத முடிவோடு சிறுமியின் பெயரை நீக்குவது என்று முடிவாயிற்று.

வீட்டில் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓசில ஏறினவளைச் செக்கர் கிட்ட பெருமையா காட்டிக் குடுத்திருக்கே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆசிரியை சாப்பிடாமல் எழுந்ததும், அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க என்னென்னவோ பேசிப் பார்த்தார். அந்த வாரம் வகுப்பில் 'விதிகள் யாருக்காக' என்ற பாடம் வந்தது. ஆசிரியை அதை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். இரண்டாம் வரிசைச் சிறுமி மட்டும், "ஒரு பாடம் விட்டுப்போச்சு டீச்சர்" என்று கையைத் தூக்கினாள்.

விடுமுறை நாளில் அவர் சிறுமியின் வீட்டைத் தேடிப் போனார். யாரிடமும் வழி கேட்கத் தேவைப்படவில்லை. தொழிற்சாலைச் சுவர், நாய்கள், முனை எல்லாம் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன. பாலத்தில் பலகை இல்லாத இடத்தைக் கால் தானாகத் தாண்டியது.

சிறுமியின் அம்மா பிஸ்கட் கட்டும் பிரிவில் வேலை செய்பவர். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவந்து போட்டார். தங்கள் பக்கத்துப் பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும், தனக்கு வேலை முடிய மாலை ஆகிவிடும், அதுவரை பிள்ளை அறையில் தனியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் கொழுந்தனார் முகவரியைக் கொடுத்தோம் என்று, தவறு செய்தவர்போல விளக்கினார். ஆசிரியை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவர் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"நீங்க ஏன் டீச்சர்? பொய் சொன்னது நாங்க. டீச்சர் நிஜ வழியைக் கேட்கிறாங்கன்னு பாப்பா சொன்னப்போ, வரைஞ்சு குடுன்னு நான்தான் சொன்னேன். மூணாம் கிளாஸ் பிள்ளை வரைஞ்சதை வச்சு யாரு வீட்டைக் கண்டுபிடிச்சு வரப்போறாங்கன்னு நினைச்சேன்."

அதை வைத்துக் கண்டுபிடித்து வந்தவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வாரச் சம்பளத்தில் ஓட்டை விழும் என்று அந்த அம்மா சொன்னதும், அந்தப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தானே கூட்டிப்போவதாக ஆசிரியை சொன்னார். கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை.

சேர்க்கும் நாளில் விடுப்பு எடுத்து, சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அவள் எதையும் சுட்டிக்காட்டவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆசிரியை கேட்டார். அடுத்த பிரிவுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், உட்காரப் பெஞ்சு இருக்காது என்றார் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரான பெரியவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பேனாவை எடுத்துக்கொண்டு சிறுமியின் பக்கம் குனிந்தார்.

"உன் வீடு எங்க இருக்கும்மா?"

இவ்வளவு நாள் ஆசிரியை எல்லோரிடமும் கேட்ட கேள்வி. சிறுமி பெரியவரைப் பார்க்கவில்லை. ஆசிரியையை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதைச் சொல்லணும் டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பெரியவர் பேனாவை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜத்தைச் சொல்லும்மா" என்று ஆசிரியை சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், தான் தேடிப்போன வீட்டின் எண்ணையும் தெருவையும் அவரே சொல்லி எழுதவைத்தார். சிறுமி, அவர் சொன்னது சரியா என்று கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.