முடியாது என்று சொல்லக் கூடாத மலை

அம்மாவுக்குக் கால் மரத்து நடை தடுமாறுகிறது, நேர்த்தி ஒன்று பாக்கி இருக்கிறது, ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குக் கூட்டிப் போகலாமா என்று போன வாரம் ஒரு பிள்ளை இந்தக் குழுவில் கேட்டிருந்தது. நம்பிக்கை இருந்தால் ஏறிவிடலாம் என்று ஆளாளுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று எதுவும் எழுதவில்லை. அப்படிப்பட்ட காலோடு அந்த மலைக்குப் போனவள் நான். அறுபத்து நாலாம் வருடம், மாசி மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது.

கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் கால்விரல்கள் மரத்தன. பிறகு இடது பாதம் முன்பக்கம் தொங்கிப்போய், நடந்தால் தட் தட்டென்று தரையில் அடித்தது. கண்ணால் பார்த்து வைத்தால்தான் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியும். காலைப் பெரட்டில், அதுதான் ஆள் எடுத்து வேலை பிரிக்கிற இடத்தில், மேல்மலைக்கு ஏற முடியாது என்றேன். “நேத்து இருந்த காலு ராத்திரியில எங்க போச்சு?” என்று கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டு, அன்றைக்கு எனக்குப் பேர் போடவில்லை, கூலியும் போயிற்று. மாமியார் மலைக்கு நேர்ந்துகொண்டார். வெறுங்காலோடு ஏறி இறங்கினால் சரியாகிவிடுமாம்.

கைப்பிள்ளையை எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவில் விட்டுவிட்டு, நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் விடியுமுன் கிளம்பினோம். கொட்டகலையிலிருந்து ஹட்டன் மூன்று மைல். அங்கிருந்து மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஏறக்குறைய இருபது மைல், இரண்டரை மணி நேரம். டிக்கெட் ஒரு ரூபாய்க்குள்தான். பஸ் படியோ முழங்கால் உயரம். மாமியார் பின்னால் நின்று மூட்டையைத் தள்ளுவது போல என்னைத் தள்ளி ஏற்றினார். உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: “ஏறாமத் திரும்புனா நேரா உடப்புசல்லாவைக்கு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு. பய எங்ககிட்ட இருப்பான்.” வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதண்ணியிலிருந்து உச்சி மூன்று மைலுக்கு மேல். அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. முடியாது, கால் வலிக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் வாய் திறந்து சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை. கண்ணைப் பாதத்திலேயே வைத்துக்கொண்டு படிபடியாக ஏறினேன். பாதையோர மரம் மட்டை எதையும் நான் பார்க்கவில்லை. அழகைப் பற்றி வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் சீத கங்குல ஓடை வந்தது. எல்லோரும் அங்கே முழுகிவிட்டுத்தான் மேலே போவார்கள். தலையில் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடினேன். மூடிய அந்த நொடியில் கால் காணாமல் போய்விட்டது. கல்லோடு கல்லாக விழுந்தேன். வீட்டுக்காரர் தூக்கிவிட்டபோது தண்ணீர் சிவப்பாக ஓடியது. யாருக்கு அடிபட்டது என்று சுற்றும் முற்றும் தேடினேன். என் பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்குகிறது, எனக்கு வலியே இல்லை.

பயம் வந்தது அப்போதுதான். “எனக்கு முடியாது அத்தை” என்றேன். மாமியார் பாய்ந்து என் வாயைப் பொத்தினார். பின்னால் நின்றவர்கள், இவளால் எங்கள் பயணமும் கெடும் என்று முணுமுணுத்தார்கள். பெரட்டிலும் சொல்லக் கூடாது, சாமி மலையிலும் சொல்லக் கூடாதென்றால் எங்கேதான் சொல்வது? கையை விலக்கிவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.

வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ இந்தத் தேத்தண்ணிக் கடையில உக்காந்திரு புள்ள, நாங்க ஏறிட்டு வந்துர்றோம்” என்றார். அம்மாவோடு போயும்விட்டார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் என்னைக் கேட்காமலே பிள்ளை விஷயத்தை அவர்கள் முடிவு செய்திருப்பார்கள். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தே இறங்கினேன். “சேலை தேயுது அக்கா, அதையும் நேந்துக்கிட்டியா?” என்றான் ஏறி வந்த ஒருவன். “ஆமா தம்பி, மேல போய் ஒண்ணு வாங்கிட்டு வா” என்றேன். ஏற ஒரு மணி நேரம் ஆன தூரம், இறங்க இரண்டரை மணி நேரம். முந்தியில் முடிந்திருந்த காசில் தனியாகப் பஸ் ஏறி, பொழுது சாய்வதற்குள் லயத்துக்கு வந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

விளக்கு வைத்த பிறகு வந்தார்கள். மூட்டை கட்டியாயிற்றா என்று மாமியார் வாசலிலேயே கேட்டார்.

“கட்டல அத்தை. மலை ஏற முடியாது. புள்ளைய விட்டுட்டுப் போகவும் முடியாது.”

மாமியார் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரர் அன்றிரவு தானே அடுப்பைப் பற்றவைத்தார். நல்ல மனிதர்தான், இறந்தும் போய்விட்டார். ஆனாலும் ஓடைக்கரையில் என்னை விட்டுப் போனதற்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

உடம்பே தன் நரம்பின் உறையைப் புண்ணாக்குகிற வியாதி இது, குறையும், திரும்ப வரும் என்று பல வருடம் கழித்துக் கண்டியில் ஒரு டாக்டர் சொன்னார். மாத்திரையில் பாதி நடை திரும்பியது. கம்போடு நடந்து நான்கு பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டேன்.

ஆகவே, முதலில் நரம்பு டாக்டரிடம் போங்கள். மலைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் நல்லதண்ணியில் நின்று கும்பிடலாம், மேகமில்லாத நாளில் உச்சி நன்றாகத் தெரியும். வெறுங்காலோடு விடாதீர்கள். நிற்கிற இடத்திலெல்லாம் பாதத்தைத் தூக்கிக் காயம் இருக்கிறதா என்று பாருங்கள், அடிபட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது. குளிக்கும்போது உட்கார வைத்து ஊற்றுங்கள். அம்மா எந்தப் படியில் முடியாது என்கிறாரோ அந்தப் படியிலேயே திரும்புங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். கால் அவருடையது.