வேடியப்பனுக்கு எதிரே ஒரு கேமரா

ஜெயசுதா பேரை எடுத்தாலே எங்கள் தெருவில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். “சொந்த மூத்தாரையே உள்ள தள்ளுனவ” என்கிறார்கள். தள்ளினாள்தான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் தள்ளியிருப்பேன். பால் சொசைட்டியில் உட்கார்ந்து பால் அளக்கிறவன் நான். யார் பாலில் எவ்வளவு தண்ணீர், யார் பேச்சில் எவ்வளவு தேன் என்று எனக்குத் தெரியும். நடந்ததைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு ஜெயசுதாவுக்கு மிஞ்சியது ஒரு செவலைப் பசு. அந்தப் பாலில்தான் அடுப்பு எரிந்தது, மகள் தமிழினி திண்டிவனத்தில் தங்கி நர்சிங் படித்தாள். காலையில் பால் கறந்து அவிழ்த்துவிட்டால், செவலை ராஜகிரி மலைக்குப் பின்னால் இருக்கும் காட்டோரம் தானே மேய்ந்துவிட்டுத் தானே வீடு வந்து சேரும். கொஞ்சம் பிந்தினால் போதும், “வந்துட்டாங்க மகாராணி, ஊரெல்லாம் சுத்திட்டு” என்று ஜெயசுதா அதனிடம் சண்டைக்கு நிற்பாள். அதுவும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கும்.

புருஷனின் அண்ணன் பாவாடை பக்கத்து வீடு. ஊரில் தங்கமான மனுஷன் என்று பேர். நானும் நம்பினேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். “காட்டுல சிறுத்த நடமாடுது, யாரும் உள்ள போவாதீங்க” என்று முதலில் ஊரைக் கூட்டிச் சொன்னது அவன்தான். அந்தப் பேச்சு வனத்துறை வரைக்கும் போயிற்று. உண்மையா என்று பார்க்க அனு என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். மிருகங்களைப் பற்றிப் படித்தவள், ஜீன்ஸும் ஷூவுமாகக் காட்டில் அலைவாள். அவள் முதலில் மரங்களில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கட்டினாள். நரி ஊளையிட்டாலும் ஆந்தை அலறினாலும் அதில் பதிவாகிவிடுமாம். எங்கள் ஊரில் அதற்கு ஒட்டுக்கேக்குற பொட்டி என்று பெயர் வைத்தோம்.

ஆவணி மாதம், பனம்பழம் விழுகிற காலம். ஒருநாள் விடிந்ததும் காட்டுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். கல் குவாரி என்று நினைத்து அவரவர் வேலையைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் செவலை தெருவில் நடந்து வந்தது. கீழ்த்தாடை இல்லை. காட்டுப்பன்றிக்காக எவனோ பனம்பழத்தைக் கீறி உள்ளே நாட்டு வெடி வைத்திருக்கிறான், இது கடித்துவிட்டது. கடிக்கிற அழுத்தத்தில் வெடிக்கிற வெடி அது. அந்த வாயோடு அது வேறெங்கும் போகவில்லை, நேரே ஜெயசுதாவிடம்தான் வந்தது.

முதலில் ஓடி வந்தவன் பாவாடை. தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து மாட்டின் வாயைச் சுற்றிக் கட்டினான். “எந்தப் பாவி பண்ணான் ஜெயா” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். மாட்டு டாக்டர் வந்து பார்த்தார், ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அதற்குப் பிறகு அந்த ஜீவன் உடனே சாகவில்லை, அதுதான் கொடுமை. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் போய் நிற்கும். குனியும். வாயிருந்தால்தானே குடிப்பதற்கு? அப்படி நின்று நின்றே விழுந்து செத்தது. கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஜெயசுதா அழவில்லை. அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினாள். துணைக்கு நானும் போனேன், பாவாடையும் வந்தான். அந்தக் கூட்டத்தில், அங்காளம்மன் சன்னதிக்கு எதிரே, பாவாடை கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஜெயசுதா மண்ணை வாரித் தூற்றினாள்.

“ஏ தாயே, என் செவலைய கொன்னவன் எவனோ, அவன் முன்னாடி சோறு இருக்கணும். அள்ளி வாயில வெக்கணும். முழுங்க முடியாம அவன் விக்கணும். அத நான் கண்ணால பாக்கணும்.”

பாவாடை கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஊர் திரும்பியதும் ஜெயசுதா நேரே அனுவிடம் போனாள். “அன்னிக்கி அந்தப் பக்கம் உன் பொட்டி இருந்துச்சில்ல? எங்க மாடு சத்தம் இருக்குதா?” என்று கேட்டாள். “இருக்குக்கா. கேக்காதீங்க, தாங்க மாட்டீங்க” என்றாள் அனு. ஜெயசுதா கேட்டாள். மயில் அகவுகிறது, ஒரு வெடி, பிறகு செவலை. அம்மா என்று கத்தக்கூட வாயில்லாமல், தொண்டையிலிருந்து வந்த ஒரு சத்தம். முழுதும் கேட்டு முடித்து, “என் போன்ல ஏத்திக் குடு” என்றாள்.

“இன்னாத்துக்குக்கா?”

“வெச்சிருக்கேன். வேண்டியிருக்கும்.”

பெட்டிகளை அடுத்து, அனு கேமராக்களைக் கட்ட ஆள் தேடினாள். நானே வருகிறேன் என்று ஜெயசுதா சேர்ந்துகொண்டாள். அந்தக் கேமரா லேசுப்பட்டதல்ல. உடம்புச் சூட்டோடு எது எதிரே வந்தாலும் படம் பிடித்து, மானா, நரியா, மனுஷனா என்று தானே பார்த்து எழுதி, அந்த நிமிஷமே போனுக்கு அனுப்பிவிடும். எல்லாக் கேமராவையும் அனு சொன்ன தடத்தில்தான் ஜெயசுதா கட்டினாள். ஒன்றை மட்டும் வேடியப்பன் கல்லைப் பார்த்தபடி கட்டினாள். “இங்க எந்த மிருகம்கா வரும்?” என்று அனு கேட்டதற்கு, “வரும், நீ பாரேன்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் வேடியப்பன் வேட்டைக்காரன் சாமி. அவனுக்குச் சூடம் கொளுத்தாமல் வேட்டைக்குப் போனால் வெடி கையிலேயே வெடிக்கும் என்று பயம். போலீசை ஏமாற்றுகிறவனும், கட்டின பெண்டாட்டியை ஏமாற்றுகிறவனும் வேடியப்பனை ஏமாற்ற மாட்டான்.

ஒருநாள் பாவாடை வந்து, “கேமரா எங்கெங்க கட்டியிருக்கீங்க ஜெயா? மாடு கன்னு ஓட்டுறவங்க தட்டிவுட்டுறப் போறாங்க, சொல்லி வெக்கிறேன்” என்றான். இவனிடம் மாடும் இல்லை, கன்றும் இல்லை. ஜெயசுதாவுக்கு அப்போதுதான் அவன் மேல் சந்தேகம் வந்ததாம். ஆனாலும் முகத்தில் காட்டாமல் ஒவ்வொரு இடமாகச் சொன்னாள். வேடியப்பன் கல்லை மட்டும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், அனுவும் ஜெயசுதாவும் சொசைட்டி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அனுவின் போன் கிணுகிணுத்தது. மனிதர் என்று எழுதியிருந்தது. “மனுசங்க படத்த வெச்சிக்கக் கூடாதுக்கா, அழிச்சிடணும்” என்று அனு விரலை வைக்கப் போனாள். ஜெயசுதா அந்தக் கையைப் பிடித்தாள். மூவரும் பார்த்தோம். வேடியப்பன் கல்லுக்கு முன்னால் சூடம் எரிகிறது. ஒரு கூடை, அதில் கீறி நூல் சுற்றிய பனம்பழங்கள். கைகூப்பி, கண்ணை மூடி பாவாடை. தோளில் அதே பச்சைத் துண்டு. துவைத்துப் போட்டிருக்கிறான், பாவி.

“ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம்” என்றேன் நான். சிறுத்தை என்று ஊரை மிரட்டிவைத்தது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“இந்தப் படம் அழியாதுக்கா” என்று அனு அங்கேயே வனத்துறைக்குப் போன் போட்டாள். முதலில் காட்டுக்குப் போய் வெடிகளை எடுத்துவிட்டு, பிறகு அவனைப் பிடிக்க வருவதாகச் சொன்னார்கள். “நேரா எங்க வூட்டுக்கு வரச் சொல்லு. அவரு அங்கதான் இருப்பாரு” என்றாள் ஜெயசுதா.

பாவாடை வெறுங்கூடையோடு தெருவில் வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். “மாமா, கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன், சாப்ட்டுப் போ” என்றாள். கருவாட்டுக் குழம்பு என்றால் அவன் உயிரை விடுவான். உட்கார்ந்தான். வட்டிலில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். முதல் கவளத்தை அவன் வாயில் வைத்ததும் போனை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். மயில் அகவியது. வெடித்தது. பிறகு செவலை.

“இது இன்னா சத்தம் ஜெயா?” என்றான், வாயில் சோற்றோடு.

“உனக்குத் தெரியாதா மாமா? நீதான மொதல்ல ஓடியாந்த. வெடிச்சது எதுன்னு உனக்குத்தான தெரியும், அதான் அவ்ளோ சீக்கிரம் வந்துட்ட.” அடுத்து, அனு அவள் போனுக்கு அனுப்பியிருந்த படத்தைக் காட்டினாள்.

அவன் முகம் வெளிறிப் போயிற்று. “பன்னிக்குத்தான் வெச்சேன் ஜெயா. நம்ம மாடு அந்தப் பக்கம் வரும்னு தெரியாது. தம்பி மேல சத்தியம். வேற மாடு வாங்கித் தரேன், வெளிய சொல்லிடாத. நம்ம குடும்ப மானம்மா.”

“தெரிஞ்சிக்கிட்டேதான அம்மன் முன்னாடி கற்பூரத்தட்டு புடிச்ச? மொதல்ல வாயில இருக்கிறத முழுங்கு.”

“முடியலம்மா.”

“முழுங்கு மாமா.”

அவன் விக்கினான். கண்ணில் நீர் வந்தது. ஜெயசுதா தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். வாசலில் நின்ற எனக்குப் பரிதாபம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஜீப் வந்து நிற்கும்வரை அந்தப் போன் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருந்தது.

அவனை ஏற்றிக்கொண்டு போனபோது அவன் பெண்டாட்டி வளர்மதி ஓடிவந்து, “சாபத்தையாவது திரும்ப வாங்கிக்கடி” என்று ஜெயசுதாவின் காலைப் பிடித்தாள்.

“எதுக்குக்கா? அதான் பலிச்சிடுச்சே” என்றாள் ஜெயசுதா. காலை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். எச்சில் சோற்றைக் குப்பையில் கொட்டி வட்டிலைக் கழுவினாள். பிறகு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டாள்.