துப்பாக்கியின் நிலைகொள்ளாத குறி

கடிகாரக்காரர்கள் எண்ணெய் தொடாமல் எந்தத் திருகையும் முடுக்குவதில்லை. மலாக்காவின் காஜா பேராங்கில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த என் அக்கா கணவரும் அப்படித்தான். ஜப்பானியர் வந்த பிறகு கடிகார எண்ணெய் கிடைக்கவில்லை. தேங்காயெண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊசிமுனையால் தொட்டு வைத்தார். நான் வேலை பார்த்த பத்திரிகை நின்றுபோயிருந்தது. அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

உணவு விநியோகத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பானிய அதிகாரி ஒருவர் கடைக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். ஏதோ ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரர் விட்டுப்போனது. மேலே தொலைநோக்கி பொருத்தியிருந்தது. மரவள்ளிக் கொல்லைகளைக் காட்டுப்பன்றிகள் கிளறிக்கொண்டிருந்த காலம். சுட்டால் கிழங்கும் மிஞ்சும், இறைச்சியும் கிடைக்கும். ஆனால் குறி நிற்கவில்லை. இன்று சரிசெய்தால் நாளை விலகிவிடும். கண்ணாடியும் சின்னத் திருகும் இருப்பதால் இது கடிகாரக்காரன் வேலை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அத்தான் தொலைநோக்கியைக் கழற்றினார். அதைத் துப்பாக்கியோடு பிடித்திருந்த இரண்டு வளையங்களிலும் ஏற்கெனவே இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வழக்கப்படி புது எண்ணெய் தொட்டுப் பூட்டிக் கொடுத்தார். அடுத்த வேட்டையில் குண்டு எங்கோ போனது, பன்றி வேறெங்கோ போனது. அதிகாரி திரும்பி வந்து துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். கத்தவில்லை. அடுத்த வேட்டைக்குள் சரியாகாவிட்டால் கடிகாரக்காரன் சயாமுக்குப் போவான், ரயில் பாதை போட, என்று உடைந்த மலாயில் சொன்னார். அங்கே போன யாரும் அதுவரை எங்கள் தெருவுக்குத் திரும்பியிருக்கவில்லை.

அதிகாரிக்குக் காட்டில் வழிகாட்டியவர் எங்கள் தெரு மலாக்கா செட்டி ஒருவர், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். கோயிலில் எங்களோடு நிற்பார். தமிழ் வராது, மலாய்தான். சோதித்துப் பார்க்கத் தோட்டாக்கள் அவரிடம் கொடுக்கப்பட்டன. காலிக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும்.

மூவரும் கடலோரத்தில் உஜோங் பாசிர் தென்னந்தோப்புக்குப் போனோம். என்னிடமிருந்த பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை மரவள்ளிப் பசையால் பலகையில் ஒட்டி, மணல்மேட்டில் சாய்த்தேன். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்தி, தாளின் நடுவைக் குறிவைத்து வழிகாட்டி சுட்டார். முதல் குண்டு இரண்டாம் பத்தியில் விழுந்தது. அடுத்தது ஆறாம் பத்தியில். மூன்றாவது, கீழே நகைக்கடை விளம்பரத்தில்.

“தொலைநோக்கிக்குள்ளே குறிக்கம்பி ஆடுது மாப்ளே. பிரிச்சுப் பாத்துடலாம்” என்றார் அத்தான்.

“பிரிச்சுட்டுச் சேக்க முடியலன்னா?”

அவர் திருப்புளியைப் பைக்குள் போட்டார். வெளியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றேன். தோட்டாக்கள் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. துப்பாக்கியின் மரக்கட்டைக்கும் இரும்புக் குழலுக்கும் இடையில் ஆட்டமில்லை. தொலைநோக்கியே நகர்கிறதா என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும். வீட்டுக்கு வந்து அக்காவிடம் பொட்டு வைக்கும் சாந்து கேட்டேன்.

“எனக்கே தீரப்போவுது, துப்பாக்கிக்குப் பொட்டா? பூவும் வச்சு அனுப்பவா தம்பி?” என்றாள். ஆனால் கிண்ணத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கொடுத்தாள்.

வளையத்திலிருந்து தொலைநோக்கிக் குழாய்வரை சாந்தால் ஒரு கோடு இழுத்தோம். காய்ந்ததும் தோப்புக்குத் திரும்பிப் போய்ச் சுட்டோம். கோடு இரண்டாகியிருந்தது. துப்பாக்கி பின்னால் உதைத்தபோது குழாய் வளையத்துக்குள் வழுக்கி, ஒரு நெல்மணி அளவு முன்னால் போயிருந்தது. சற்றே சுழன்றும் இருந்தது.

“எண்ணெய்தான் அத்தான்.”

“எண்ணெய் இல்லாம முடுக்கச் சொல்றியா? திருகு செத்துடும்டா.”

“கடிகாரம் உதைக்காது. இது உதைக்குது.”

அத்தான் பிரிந்த கோட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு கழற்றத் தொடங்கினார். எண்ணெய்ப் பசையைத் துடைக்க வழிகாட்டி எங்கிருந்தோ கொஞ்சம் சம்சுச் சாராயம் கொண்டுவந்தார். முதல் மடக்கு அவருக்கு. துடைத்து உலர்ந்த வளையங்களுக்குள், அக்கா சாமிக்குப் புகைபோட வைத்திருந்த குங்கிலியத்தைப் பொடித்துத் தூவினோம். விரலில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும் பொடி, இரும்பையும் பிடிக்கும் என்பது அத்தானின் கணக்கு. ஆனால் முடுக்கும்போது அவர் கை பழையபடி இரண்டு விரல் பலத்தோடு நின்றுவிட்டது. வழிகாட்டி திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டார்.

“மெதுவா, மெதுவா!” அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

“அலாமாக்! இது என்ன, உங்கள் வீட்டம்மா மூக்குத்தியா?” என்று மலாயில் கேட்டபடியே வழிகாட்டி மணிக்கட்டைத் திருப்பினார்.

புதிதாகக் கோடு இழுத்து, குறியைத் திருத்திச் சுட்டோம். கோடு பிரியவில்லை. கடைசிக் குண்டுகள் தாளின் நடுவில், ஒரு புகைப்படத்தின் விளக்க வரிமேல், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன.

அடுத்த வேட்டையில் அதிகாரிக்குப் பன்றி கிடைத்தது. ஒரு துண்டு இறைச்சியை வாழையிலையில் சுற்றி வழிகாட்டியிடம் கொடுத்தனுப்பினார். சயாம் பற்றிப் பிறகு பேச்சில்லை. அதே வாரம் சயாமுக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்தது. தெருக்கோடியில் மாட்டுவண்டி ஓட்டிய ஒருவரை ஏற்றிக்கொண்டு போனது. அத்தானுக்குப் பதிலாகத்தான் அவரைப் பிடித்தார்களா என்று எங்களால் தெரிந்துகொள்ள முடியவில்லை. லாரி எப்படியும் வந்திருக்கும்.

அக்கா இறைச்சியை மிளகு போட்டு வறுத்திருந்தாள். அத்தான் தட்டில் கை வைக்கவில்லை.

“நம்ம சரி பண்ணாம இருந்திருந்தா, அந்த வண்டிக்காரன்...”

“நீங்க போயிருப்பீங்க” என்றாள் அக்கா. “சாப்பிடுங்க.”

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்றுகொண்டே இருந்தார்.