பன்னிரண்டாம் கிணற்றின் அளவு

இன்றைக்குப் பருவநிலை, நிலத்தடி நீர் என்று கம்ப்யூட்டர் திரையில் வண்ண வண்ணமாகக் கோடுகள் காட்டுகிறார்கள். எந்த ஊரில் என்ன வேலை நடந்தது, அதனால் நீர் எவ்வளவு ஏறியது என்று விரல் நுனியில் சொல்கிறார்கள். பார்க்கிறவர்கள் வியக்கிறார்கள். எனக்கு மட்டும், மேலே ஏறுகிற கோடு எதைப் பார்த்தாலும், இதற்கு யார் போய் டேப்பை இறக்கினார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த டேப் என் கையில் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அன்னூர்ப் பக்கம் ஒரு நீர்வடிப்பகுதித் திட்டத்தில் தற்காலிக வேலை பார்த்தேன். ஓடைப் பள்ளத்தின் குறுக்கே தடுப்பணை கட்டியிருந்தார்கள். அதனால் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை அளந்து எழுத வேண்டும். மொத்தம் பன்னிரண்டு கிணறுகள். நூறடி இரும்பு டேப், அதன் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு, ஒரு சாக்பீஸ், ஒரு பதிவேடு, இவ்வளவுதான் என் ஆயுதங்கள். டேப்பில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்று விளிம்பின் சிவப்புக் குறியிலிருந்து இறக்கினால், நனைந்த இடத்தில் வெள்ளை கலைந்திருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

பன்னிரண்டாவது கிணறு ஒரு தென்னந்தோப்பின் கடைசியில் இருந்தது. தோப்புக்கு முன்னாலிருந்த வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் மட்டும். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், நான் அக்கா என்பேன். முதல் வருஷம் ஒழுங்காகத் தோப்புக்குள் நடந்து போய் அளந்தேன். இரண்டாம் வருஷக் கோடையில் அந்தக் கிணற்றுக்கு வந்து சேரும்போது உச்சி வெயில், சைக்கிள் சீட்டில் உட்கார முடியாது. வாசலிலேயே நின்று கேட்டேன்.

“ஏனுங்கக்கா, கெணத்துல தண்ணி இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க கண்ணு. வாங்க, மோரு குடிச்சுப்போட்டுப் போங்க.”

மோரைக் குடித்தேன். போன மாத நீர்மட்டத்தையே கொஞ்சம் ஏற்றி எழுதினேன். அடுத்த மாதமும் அப்படியே, அதற்கடுத்த மாதமும் அப்படியே. சோம்பேறிக்கு வாழைப்பழம் கொடுத்தால் தோலை உரித்துத் தரச் சொல்வானாம், நான் அந்த ஜாதி. நிமிர்ந்து தோப்பைப் பார்த்திருந்தாலே போதும், மட்டைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. நான் மோர்ச் சொம்பைப் பார்த்தேன்.

மழைக்காலம் போன பிறகு கோயமுத்தூர் ஆபீசில் கூட்டம். சுவரில் பன்னிரண்டு கோடுகள் வரைந்த பெரிய தாள். மற்ற கோடுகள் ஏறியும் இறங்கியும் கிடக்க, பன்னிரண்டாவது மட்டும் அழகாக மேலே போனது. அணைக்கு அடியில் ஓட்டை, தண்ணீர் நிற்பதே இல்லை, அடைத்துக் கொடுங்கள் என்று தோட்டக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அதிகாரி மனுவைப் படித்துவிட்டுக் குச்சியால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

“அணைக்கு நேர் கீழ இருக்கற கிணறே ஏறியிருக்கு. இதுக்கு மேல என்ன ரிப்பேர்?”

மனு தள்ளுபடி ஆனது. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள், அந்தப் பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

மறுநாளே அந்தத் தோப்புக்கு ஓடினேன். டேப் இறங்கிக்கொண்டே போய் ‘ணங்’ என்று பாறையில் இடித்தது. மேலே இழுத்தேன். பூசிய சாக்பீஸ் ஓரிடத்திலும் கலையவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி சிரித்தார்.

“ஒரே மாசத்துல இத்தனை அடி எப்படிய்யா எறங்கும்? டேப் எங்கயாவது சிக்கியிருக்கும்.”

நான் எழுதியதை அடித்துவிட்டு, கோட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஓர் அளவை அவரே எழுதிக்கொண்டார். முந்தைய மாதங்கள்தான் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் பொய்யை நம்பியவர்கள் என் உண்மையை நம்பவில்லை.

அடுத்த மாதம் போனபோது பாதித் தென்னைகள் மொட்டையாக நின்றன. இரண்டு மரங்களை அறுத்துப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார், மாடுகளும் போய்விட்டன. அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நின்ற வாக்கில் சொல்லிவிட்டேன்.

“அக்கா, கோடையில இருந்து மழை முடியற வரைக்கும் நான் அளக்கவே இல்லீங்க. நீங்க இருக்குதுன்னு சொன்னதை வெச்சு நானா எழுதிப்போட்டேன்.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

“தெரியுமுங்க கண்ணு, நீங்கதான் தோப்புக்குள்ளயே வரலியே,” என்றார். “ஊட்டுக்காரி வாயில எங்க கெணறு வத்திப்போச்சுன்னு எப்பிடிங்க சொல்றது? வெளக்கு அணஞ்சுதுன்னே சொல்லமாட்டோம். அளக்க வந்த புள்ள, போய்ப் பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்.”

நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். அரிசிப் பானை காலியானால் நிறைந்துவிட்டது என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவன். வெளியூர்க்காரன் ஒருவன் அந்த வேலைக்கு வந்திருந்தால் அவர் பேச்சை நம்பியிருக்க மாட்டான், டேப்பை இறக்கியிருப்பான். எல்லாம் தெரிந்த நான் வசதிக்காகத் தெரியாதவன் ஆனேன்.

சாக்கின் வாயைக் கட்டி முடித்துவிட்டு அக்கா கேட்டார்.

“நாங்க போறது போகட்டுமுங்க. கீழ இன்னும் நாலு ஊட்டுக்காரங்க இருக்கறாங்க. அந்த ஓட்டைய அடைச்சா அவுங்க பொழச்சுக்குவாங்க. எங்க கெணத்துக் கணக்க மட்டும் திருத்திச் சொல்லிப்போடறீங்களா?”

“சொல்லிப்போடறேனுங்கக்கா.”

அக்கா பஸ்ஸேறியதும் நேராக ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணி. அதிகாரி இருந்தார், வேறு யாரும் இல்லை. பதிவேடு மேசை மேலேயே விரிந்து கிடந்தது. பக்கத்தில் என் நிரந்தர உத்தரவு இருந்தது. அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.